கூரைக்காகச் சொன்ன பெயர்

போன செப்டம்பரில் ஒரு ராத்திரி, பதினோரு மணிக்கு மேல், இங்கிலாந்திலிருந்து எனக்குப் போன் வந்தது. பேசியவன் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனிப் பையன். மேல்படிப்புக்குப் போய் ஆறாவது நாள். அப்பா நெல் மில்லில் மூட்டை தூக்குகிறார். அம்மா டவுனில் ஒரு தறிக்காரர் வீட்டில் பட்டு இழை சுற்றுகிற கூலி வேலை செய்கிறார். ஊரிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவன்தான். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் மீனம்பாக்கம் போய் வந்தது.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்லடா, சொல்லு. குளிரா? சாப்பாடா? இன்னா கஷ்டம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. ரூம் கெடச்சிடுச்சி. மூணு பேர். மூணு பேரும் தமிழ்தான். வந்த அன்னிக்கே எந்த ஊருன்னு கேட்டாங்க. ஆரணின்னேன். பட்டு ஊராச்சே, அப்ப நீங்க நெசவுக்காரங்களான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவனே சொன்னான்: "பொய் சொல்லலண்ணா. எங்கம்மா பட்டு வேலதான செய்யுது. ஆனா உண்மையும் சொல்லல."

இதை மறுவாரம் நம் தோழர்கள் சிலரிடம் சொன்னேன், பெயர் சொல்லாமல். ஒருவர் உடனே, "கோழை" என்றார். இன்னொருவர், "வெளிநாடு போறவனெல்லாம் இப்படித்தான். ஓடிப்போறவன் எதுக்கு உண்மை சொல்லப் போறான்?" என்றார். மூன்றாமவர் படித்தவர், "அடையாள மறுப்பு" என்று ஒரு வார்த்தையைப் போட்டு முடித்துவிட்டார். எனக்கு இந்த மூன்று பதிலும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் கூட்டம்தோறும் சொல்கிற பெயரிலிருந்தே தொடங்கலாம். 1913 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் இறங்கினார். வயது 22. அப்பா ராம்ஜி செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பம்பாயில் ரமாபாய், கைக்குழந்தை யஷ்வந்த். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷத்துக்கு. படித்துத் திரும்பியதும் பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதியில் முதல் வாரம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்து இந்திய மாணவர்கள் சிலர் இருந்த காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். கடைசியில் லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பதேனா என்கிற பார்சி இளைஞரோடு ஒரே அறையில் தங்கினார். மூட்டையோடு இரண்டு முறை இடம் மாறிய பிறகுதான் அவருக்கும் ஒரு மேசையும் ஒரு நண்பனும் கிடைத்திருக்கிறார்கள். முதல் சில மாதங்கள் விளையாட்டும் வேடிக்கையுமாகப் போயின என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் கோணிமேல் தனியே உட்காரவைக்கப்பட்ட ஒருவன், யாரும் விலகிப் போகாத ஒரு ஊரில் கொஞ்ச நாள் ஆடித்திரிந்தால் என்ன? அதற்கப்புறம் அவர் படித்த படிப்பை உலகம் அறியும். 1915ல் எம்.ஏ. 1916 மே 9ஆம் தேதி, கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் பற்றிய கட்டுரை.

1920ல் லண்டனுக்கு இரண்டாம் முறை போனது வேறு கதை. இப்போது மன்னர் உதவித்தொகை இல்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை செய்து சேர்த்த பணம், கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா கொடுத்த உதவி, அதே நவல் பதேனாவிடம் வாங்கிய 5000 ரூபாய் கடன். தங்கிய விடுதியில் காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன். பகல் முழுக்க பிரிட்டிஷ் மியூசியம் நூலகம், மதியச் சாப்பாடு கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு ஊர்க்காரர் யாரோ கொடுத்தனுப்பிய அப்பளத்தில் நாலை வாட்டித் தின்றுவிட்டு ஒரு கப் பால். பிறகு மறுபடி படிப்பு. நான் வங்கிக்காரன், கணக்கு பார்க்கிற ஆள். எனக்கு இதில் தெரிகிற கணக்கு இதுதான்: பாபாசாகேபின் மூளை அவருடையது. ஆனால் அந்த மூளைக்குக் கூரையும் அப்பளமும் கைமாற்றும் கொடுக்க யாராவது ஒருவர் வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ஒரு பதேனா கிடைத்தார்.

இனி பரோடா. 1917ல் பணம் நின்று, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு, ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்கு வருகிறார். ஐந்து வருஷம் வெளிநாட்டில் இருந்ததில், தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே துடைத்துப் போயிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ரயிலை விட்டு இறங்கியதும் திரும்பவும் அதே கேள்வி: எங்கே தங்குவது? இந்து விடுதி சேர்க்காது. ஒரு பார்சி சத்திரம் இருந்தது. போனார். சத்திரக்காரர் பார்த்ததுமே, பார்சிகள் உள்ளே போடும் சட்டையும் இடுப்பில் கட்டும் கயிறும் இல்லையே, நீ யார் என்றார். பார்சியல்லாதவர் தங்க முடியாது என்றார். சத்திரத்தில் வேறு ஆளே இல்லை, அவருக்கும் வருமானம் வேண்டும். பதிவேட்டில் பார்சி என்று எழுதிக்கொண்டால்? ஒத்துக்கொண்டார். படுக்கையும் சாப்பாடும் நாளுக்கு ஒன்றரை ரூபாய். அண்ணல் ஒரு பார்சிப் பெயரைச் சூட்டிக்கொண்டு மாடிக்குப் போனார்.

தோழர்களே, இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தவர், பரோடா அரசின் அதிகாரி, கூரைக்காக வேறு பெயர் சொன்னார். அவரைக் கோழை என்று சொல்ல நம்மில் யாருக்கு நாக்கு வரும்?

பழைய சாமான் அடைந்த அந்தக் கூடத்தில், மங்கின விளக்கில், வௌவால் பறக்க, பேச ஆளில்லாமல் கிடந்தார். பதினோராம் நாள் காலையில் தடியோடு ஒரு பார்சிக் கும்பல் படியேறி வந்தது. சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரிடம் போனார். ஒருவர் இந்து. நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் பிராமணராக இருந்து கிறித்தவரானவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். அன்று இரவு அவர் பம்பாய்க்கு ரயிலேறினார். அதுவரை காத்திருந்தது பரோடாவின் பொதுத் தோட்டத்தில். நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்துகொண்டவரும் பார்சி, பரோடாவில் தடியெடுத்து வந்தவர்களும் பார்சிகள். ஆகவே ஆட்களின் மதம் மட்டும் இதை விளக்காது. எந்த மண்ணில் நிற்கிறோம், அந்த மண்ணில் எது சட்டம் என்பதும் சேர்ந்துதான் விளக்கும். சாதி இந்துக்களின் மண்ணில் பார்சியும் கிறித்தவனும் அந்தச் சட்டத்துக்கே அடங்கிப் போனான்.

இதையெல்லாம் நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பையனைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றல் ஆகி ஆரணிக்கு வந்தேன். கமண்டல நாகநதிக்கு இந்தப் பக்கம் நாலு தெரு வீடு தேடினேன். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே தறிச் சத்தம், வாசலில் ஒரே கேள்வி, வேறு வேறு சொல்லில். சாமி கும்பிடுவீங்களா? சைவமா? சொந்த ஊர்ல எந்தத் தெரு? கடைசியில் ஆபீசில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் கூட்டிப் போய், "நம்ம ஆளுங்கதான்" என்று ஒரு வீட்டுக்காரரிடம் சொன்னார். என்னைக் கேட்காமலே சொன்னார். நான் மறுக்கவில்லை. அட்வான்சை எண்ணிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம், மூட்டையில் கொண்டுவந்த அம்பேத்கர் படத்தை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். மேடையேறிக் கவிதை படித்த கைதான் அந்தச் சாவியைத் திருப்பியது.

பத்து மாதம் அந்த வீட்டில் இருந்தேன். பிறகு இதுபோன்ற ஒரு பத்திரிகை தபாலில் வந்தது. மேல்தாள் கிழிந்திருந்தது. அட்டையை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை, கத்தவில்லை. "பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம் சார், வீடு தேவப்படுது" என்றார். அவர் பையன் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பத்து மாதமும் நான் தூங்கியது வேறொருவன் வீட்டில். வாயைத் திறக்கும் முன் வார்த்தையை எண்ணுவேன். மாட்டுக்கறி வாங்கப் பக்கத்து ஊருக்குப் போவேன். அம்மா ஊரிலிருந்து வந்தால், அவள் பேச்சே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து சினிமாவுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவேன். ஒருநாள் அம்மா கேட்டாள்: "ஏம்பா, நா வந்தா வூட்ல குந்தவே மாட்டேன்றியே?" இன்றுவரை அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், சேரியில் பிறந்தவனுக்கு வெளிதேசம் லண்டனில் தொடங்கவில்லை. ஊர்த்தெருவில் தொடங்குகிறது. ஐந்தாவது முடித்து டவுன் பள்ளிக்கு வந்த நாள், ஆதிதிராவிடர் நல விடுதியில் பாய் விரித்த முதல் ராத்திரி, கல்லூரியில் பெயரைக் கேட்டுவிட்டு அப்பா பெயரையும் கேட்கிற பேராசிரியர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டிபன் பாக்சை எந்த மேசையில் திறப்பது என்கிற தவிப்பு: எல்லாமே அந்நிய நாட்டில் முதல் நாள்தான். மற்ற மாணவர்களுக்குக் குளிரும் மொழியும் தனிமையும் புதுசு. நம் பிள்ளைகளுக்குத் தனிமை பழசு. அவர்கள் இங்கிலாந்தில் எதிர்பாராதது ஒன்றே ஒன்று. கடல் தாண்டியும் அந்தக் கேள்வி முன்னாலேயே போய் அறையெடுத்து உட்கார்ந்திருக்கிறது.

வெளிநாட்டில் சாதி இல்லை என்று இன்னும் சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது இல்லையென்றால் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019ல் பாகுபாட்டுக்கு எதிரான தன் விதியில் சாதியையும் ஏன் சேர்த்தது? 2022ல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் ஏன் சேர்த்தது? 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து ஏன் சட்டம் போட்டது? இதெல்லாம் தானாக வந்ததில்லை. அங்கே போன நம் பிள்ளைகள் வாய் திறந்ததால் வந்தது. அதே வருஷம் கலிஃபோர்னியா மாநில சட்டமன்றம் இப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியபோது, கையெழுத்துப் போட கவர்னர் மறுத்துவிட்டார். எதிர்த்துக் கூச்சல் போட்டவர்களில் நம் நாட்டு இந்து அமைப்புக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சாதி இல்லாத ஊரில் சாதிக்கு எதிரான சட்டத்தைப் பார்த்து இவர்களுக்கு ஏன் பயம்?

இங்கே அரசு என்ன செய்தது? பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஐம்பதுகளிலிருந்து இருக்கிறது. 2022ல் அதன் விதியைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு, இவற்றை எடுத்துப் படிக்க வெளிநாடு போகிறவனுக்குப் பணம் கிடையாது என்றார்கள். அந்த விதி 1913ல் பரோடாவில் இருந்திருந்தால், 1916ல் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படிக்க அம்பேத்கர் என்றொரு மாணவன் கொலம்பியாவில் இருந்திருக்க மாட்டான். போ, கம்ப்யூட்டர் படி, மருந்து படி, உன்னைப் பற்றி மட்டும் படிக்காதே என்பதுதான் இதன் அர்த்தம்.

உதவித்தொகை கிடைக்காதவர்கள் என் மேசைக்கு வருகிறார்கள். கல்விக் கடன். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்போம். பையன் போன அதே வருஷம், அவன் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கும் வெளிநாட்டில் இடம் கிடைத்தது. அவனைவிட மார்க் அதிகம். அப்பாவும் மகளும் பட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அரசு கொடுத்த வீட்டுமனை, நிபந்தனை பட்டா. அடமானத்துக்கு ஆகாது. "வேற ஏதாவது நிலம் இருக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, அதன்பேரில் 1892ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டவன் மகனும் கடன் கேட்டு வருகிறான். அவன் கையில் பத்திரம் இருக்கிறது. பிடுங்கப்பட்டவன் மகளிடம் நான் நிலம் எங்கே என்று கேட்கிறேன். ஃபைல் திரும்பியது. திருப்பியது மேலிடம். கவரைத் திரும்பக் கையில் கொடுத்தது நான். அந்தப் பெண் இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள்.

இந்த நிலைமையில், போய்ச் சேர்ந்த ஒரு பையன் முதல் வாரத்தில் சொன்ன ஒரு "ஆமா"வை எடுத்துவைத்துக்கொண்டு நாம் தீர்ப்பு எழுதுகிறோம்! குற்றம் பதில் சொன்னவனுடையதா, கேட்டவனுடையதா? உதவித்தொகைப் பணம் கைக்கு வரவில்லை. கையிலிருந்தது ஒரு மாத வாடகை. வெளியே தள்ளினால் போக இடமில்லை. அப்படி நிற்கிறவனிடம் நேர்மை கேட்பது வயிறு நிறைந்தவன் பழக்கம்.

ஆனால் இன்னொன்றும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் பையனைத் தடவிக்கொடுப்பவன் ஆகிவிடுவேன். பொய்ப் பெயர் ஒரு ராத்திரிக்குக் கூரை தரும், வாழ்வதற்கு வீடு தராது. என் பத்து மாதம் அதற்குச் சாட்சி. அண்ணலும் அந்தப் பெயரோடு நிற்கவில்லை. பதினெட்டு வருஷம் போல ஆன பிறகு, 1935-36 வாக்கில், பரோடாவில் நடந்ததை ஒன்றுவிடாமல் தன் கையால் எழுதிவைத்தார். வேறு பெயர் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. தன் அவமானத்தை அவர் நமக்கு ஆயுதமாகக் கொடுத்துவிட்டுப் போனார். மறைத்ததில் வெட்கமில்லை, மறைக்கவைத்தவனை எழுதாமல் விடுவதில்தான் வெட்கம்.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன? பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு கூரையை முன்னாலேயே ஏற்பாடு செய்வதுதான். ஒவ்வொரு நாட்டிலும் நம் ஆட்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். யார் எந்த ஊரில், யாரிடம் முதல் பதினைந்து நாள் தங்கலாம் என்கிற ஒரு பட்டியல் நம்மிடம் இல்லை. சாதிச் சங்கக்காரன் வைத்திருக்கிறான். விமான நிலையத்துக்கே வண்டி அனுப்புகிறான். பணமும் அப்படியே. எங்கள் வங்கிகளில் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் சங்கங்கள் இருக்கின்றன. நானும் உறுப்பினன்தான். ஏப்ரல் 14க்கு காலண்டர் அடிக்கிறோம், பிரியாணி போடுகிறோம். போடலாம், தப்பில்லை. அதில் பாதியை எடுத்து, போகிற பிள்ளைக்கு முதல் இரண்டு மாத வாடகை கைமாற்றாகக் கொடுத்தால் என்ன? திரும்பி வரும், வராவிட்டாலும் போகட்டும். பதேனா கொடுத்ததும் கைமாற்றுதான். நிபந்தனை பட்டாவுக்காரன் பிள்ளைக்கு ஜாமீன் இல்லாமல் முழுக் கடனும் வேண்டும் என்று போராடுவது பெரிய வேலை, அதையும் செய்யவேண்டும். அதுவரை இந்தச் சின்ன வேலை காத்திருக்க வேண்டியதில்லை.

பையன் அப்புறம் அடிக்கடி பேசுகிறான். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் போய், கிங் ஹென்றி சாலையில் பத்தாம் எண் வீட்டைப் பார்த்துவந்தான். 1921-22ல் அண்ணல் தங்கிய வீடு. 2015ல் மராட்டிய அரசு வாங்கியது. அதை நினைவில்லமாக வைத்திருக்க அனுமதி கிடைக்காமல் வழக்காடி, தெருக்காரர்களின் ஆட்சேபம் தாண்டி, 2020ல்தான் அனுமதி வந்தது. அவர் செத்து அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தெருவில் அவருக்கு வீடு பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. வாசலில் நின்று எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பிவிட்டுக் கேட்டான்:

"அண்ணா, இத ரூம்ல ஒட்டலாமா?"

உடனே ஒட்டு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஒட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடந்தால் அவன் போக ஒரு அறை என் கையில் இல்லை. "ரெண்டு வாரம் பொறு. அங்க நம்ம ஆளு யாரு இருக்காங்கன்னு விசாரிச்சிச் சொல்றேன்" என்றேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த நாட்டில் ஒரு தம்பியோ, தங்கையோ, கூடப் படித்தவரோ இருந்தால் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள். படம் அவன் பெட்டியில் இருக்கிறது. ஒரு சுவர்தான் வேண்டும்.